முதலில் காரணம், பிறகு பெயர்

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒளிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. எழுதினால் முதலில் அவரே சண்டைக்கு வருவார். "பேரை ஏன் எழுதினனீ, என்ன நடந்ததெண்டு எழுது" என்பார். ஆகவே அக்கா என்றே சொல்கிறேன். எங்கள் நகரத்தில் அக்காமார் பலர் இருந்தார்கள். ஆனால் தேர்தல் காலத்தில் "அக்கா என்ன சொல்லுறா?" என்று யாராவது கேட்டால், எந்த அக்கா என்று திருப்பிக் கேட்பவர் ஒருவரும் இல்லை.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. ஜேர்மனியின் தெற்கே, நெக்கார் ஆற்றங்கரையில் ஒரு சிறிய நகரம். யாழ்ப்பாணத்துப் பக்கமிருந்து வந்த எங்கள் சனம், பத்துப் பதினைந்து வருடம் விசாவோடு இழுபட்டு, ஒருவர் பின் ஒருவராக ஜேர்மன் குடியுரிமை எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. குடியுரிமை எடுத்தவர்களின் வீட்டுக்குத் தேர்தல் வந்ததும் வாக்காளர் அட்டை வந்தது. அதை வைத்து என்ன செய்வதென்று பலருக்குத் தெரியவில்லை. ஊரில் வாக்குப் போட்டது சிலருக்கு மங்கலான ஞாபகம். என்னைப் போன்றவர்கள் போட்டதே இல்லை. நாங்கள் வளர்ந்த வருடங்களில் எங்கள் பக்கம் வாக்குப்பெட்டியை விட வேறு சாமான்கள்தான் அதிகம் வந்தன.

சனிக்கிழமைகளில் ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பறை வாங்கித் தமிழ் வகுப்பு நடத்தினார்கள். பிள்ளைகள் உள்ளே எழுதிக்கொண்டிருக்க, பெற்றோரும் கதைக்க வருகிற என்னைப் போன்றவர்களும் வெளியே நடைக்கூடத்தில் காத்திருப்போம். ஹீற்றருக்குப் பக்கத்தில் இருந்த நீள வாங்கு அக்காவின் இடம். கடுகு நிறக் கோட்டு, உதட்டில் கொஞ்சம் சிவப்பு, கிழமைக்கு ஒரு புதுச் சால்வை. முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. அவருடைய மகன் தமிழ் வகுப்புக்கு வரும் வயதைத் தாண்டி மீசையும் வைத்துவிட்டான். என்றாலும் அக்கா ஒரு சனிக்கிழமையும் தவறவிட்டதில்லை. தேர்தல் நெருங்கும் மாதங்களில் அந்த வாங்கைச் சுற்றித்தான் கூட்டம்.

யாருக்கு வாக்குப் போடலாம் என்று அக்கா சொல்லுவார். ஆனால் கேட்டவுடன் சொல்ல மாட்டார்.

"முதல் நீ சொல்லு. இந்த நகரத்திலை உனக்கு என்ன மாறவேணும்?"

"அப்பிடி ஒண்டும் இல்லை அக்கா. நீங்கள் சொல்லுற ஆளுக்குப் போடுறன்."

"அப்ப நீ போடாதை. ஞாயிற்றுக்கிழமைதானே, வீட்டிலை படு."

விளையாட்டுக்குச் சொல்வது என்றுதான் முதலில் எல்லாரும் நினைத்தோம். இல்லை. காரணம் சொல்லத் தெரியாதவருக்கு அவர் பெயர் சொன்னதே கிடையாது. நச்சரித்துப் பார்த்தவர்கள் உண்டு, பலகாரம் செய்து கொடுத்துப் பார்த்தவர்களும் உண்டு. பலகாரத்தைச் சாப்பிட்டுவிட்டு, "இனிச் சொல்லு, என்ன மாறவேணும்?" என்று அதே இடத்தில் வந்து நிற்பார். எனக்கே ஒரு முறை அப்படி நடந்தது. "இவர் போடுற ஆளுக்கே நானும் போடுறன்" என்று என் கணவரைக் காட்டிச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு பல கிழமை அக்கா என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பொல்லாத மனுசி. அன்பான ஆள் என்று பெயர் எடுக்கவேண்டும் என்ற ஆசை அவருக்கு ஒருபோதும் இருந்ததில்லை.

இவ்வளவுக்கும் அக்காவுக்கு வாக்கு இல்லை. அவருடைய குடியுரிமை அந்திராக், அதாவது விண்ணப்பம், ஊரிலிருந்து வரவேண்டிய ஒரு பத்திரத்துக்காக வருடக்கணக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பத்திரம் இருந்த அரசாங்கக் கந்தோர் சண்டையில் எரிந்துபோனது. இது எல்லாருக்கும் தெரியும். யாராவது பரிதாபப்பட்டால் அவருக்குப் பிடிக்காது. "வாக்கு இல்லாதவைக்கு வாயும் இல்லையெண்டு எந்தச் சட்டத்திலை இருக்கு?" என்று கேட்பார்.

அந்த நேரத்தில் எங்கள் சனத்துக்கு இன்னொரு பரிந்துரையும் வந்துகொண்டிருந்தது. நகரத்தின் ஒரே தமிழ்க்கடைக்காரர், வாங்குகிற மிளகாய்த்தூள் பையோடு தனக்குத் தெரிந்த கட்சியின் துண்டுப்பிரசுரத்தையும் வைத்துத் தருவார். கெட்ட மனுசன் இல்லை. அந்தக் கட்சி வென்றால் கடைக்கு முன்னால் வாகனம் நிறுத்த இடம் கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஒருநாள் அவர் நடைக்கூடத்துக்கே வந்து அக்காவிடம் சமாதானம் பேசினார்.

"அக்கா, நாங்கள் எல்லாரும் ஒரு பக்கமாப் போட்டால்தான் எங்களை மதிப்பினம். பேரைச் சொன்னாப் போதும். சனத்துக்கு விளக்கம் எதுக்கு?"

"அண்ணை, நீங்கள் கடையிலை காலாவதியான சாமானை மறைச்சு விப்பீங்களோ?"

"இல்லை."

"ஏன்? சனம் திகதி பாத்து வாங்குது. அதுதான். வாக்கையும் அது பாத்துத்தான் போடவேணும்."

அவர் சிரித்துக்கொண்டே போனார். துண்டுப்பிரசுரம் நிற்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அதை மிளகாய்த்தூள் பைக்குள் வைக்காமல் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார், வேண்டியவர்கள் எடுக்கட்டும் என்று.

அக்கா தன் பெயர்களை எங்கே பிடித்தார் என்பதையும் சொல்லவேண்டும். தேர்தலுக்கு முந்திய சனிக்கிழமைகளில் சந்தைச் சதுக்கத்தில் ஒவ்வொரு கட்சியும் ஒரு குடையை விரித்து மேசை போட்டு நிற்கும். பேனா, பலூன், சில இடங்களில் ரோசாப்பூ. தமிழ் வகுப்புக்கு வருவதற்கு முன் அக்கா ஒரு மேசை விடாமல் போவார். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரே ஒரு கேள்வி வைத்திருப்பார். அதை எல்லா மேசையிலும் அதே சொற்களில் கேட்பார். பதில் வரும் வரைக்கும் பேனாவைத் தொடமாட்டார். மாநிலத் தேர்தல் வந்தபோது வெளிநாட்டில் படித்த தாதிமாரின் சான்றிதழை இங்கே எப்போது ஏற்றுக்கொள்வீர்கள் என்பது அவருடைய கேள்வி. மாநிலத் தேர்தலுக்குப் பெயருக்கு எதிரே ஒரு புள்ளடி போட்டால் போதும், சிக்கல் இல்லாத வேலை. அக்கா சொன்ன ஆள் அந்த முறை படுதோல்வி. திங்கட்கிழமை அக்காவுக்கு ஆறுதல் சொல்லப் போனவர்களுக்கு அவர் தேத்தண்ணி கொடுத்து, "தோத்தது ஆள்தானே, கேள்வி அப்பிடியேதான் இருக்கு" என்று சொல்லி அனுப்பினார்.

அடுத்து நகரசபைத் தேர்தல் வந்தது. இனிமேல்தான் என் கதை.

நான் அப்போது ஒரு வங்கியின் அலுவலகம் துப்பரவு செய்யும் வேலையில் இருந்தேன். அங்கே ஆட்கள் வருவதற்கு முன் முடிக்கவேண்டிய வேலை, ஆகவே விடிய ஆறு மணிக்குத் தொடங்கவேண்டும். என் கணவர் ஒரு பேக்கரியில், அவருக்கு அதைவிட முந்தி. எங்கள் மகளுக்கு மூன்று வயது. நகரத்தின் கிண்டர்கார்ட்டன் ஏழரைக்குத்தான் கதவு திறக்கும். நடுவில் இருக்கிற நேரத்துக்குப் பிள்ளையை என்ன செய்வது? கொஞ்சக் காலம் பக்கத்து வீட்டில் விட்டேன். அவர்களும் வேலை மாற, நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேலைக்கே போகத் தொடங்கினேன். வங்கியின் வரவேற்பு அறைச் சோபாவில் ஒரு கம்பளியைச் சுற்றிப் படுக்க வைப்பேன். பாவம், முனகக்கூட மாட்டாள். ஒருநாள் மேற்பார்வையாளர் கண்டுவிட்டார். கத்தவில்லை. காப்புறுதிப் பிரச்சினை, இன்னொரு முறை பிள்ளையைக் கண்டால் வேலை போய்விடும் என்று அமைதியாகச் சொன்னார். அந்தச் சம்பளம் இல்லாமல் எங்களால் வீட்டு வாடகை கட்ட ஏலாது. பேக்கரியில் கேட்டுப் பார்த்ததில், என் கணவருக்கு ஆறு மாதத்துக்கு மட்டும் பகல் வேலை தந்தார்கள். அதற்குப் பிறகு பழையபடிதான்.

அந்தச் சனிக்கிழமை நடைக்கூடத்தில், "இந்த நகரத்திலை என்ன மாறவேணும்?" என்று அக்கா வழமைபோலக் கேட்டபோது நான் யோசிக்காமலே வாயைத் திறந்தேன்.

"கிண்டர்கார்ட்டன் விடிய அஞ்சரைக்குத் திறக்கவேணும் அக்கா. இல்லையெண்டால் எனக்கு வேலை இல்லை."

சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அக்கா அணைக்கவும் இல்லை, கண்ணைத் துடைக்கவும் இல்லை. "நல்ல கேள்வி" என்றார். எனக்கு அந்த நேரம் அது கல்நெஞ்சமாகத்தான் பட்டது. ஆனால் அடுத்த சனிக்கிழமை சந்தைச் சதுக்கத்தில் எல்லா மேசையிலும் அவர் கேட்டது அதைத்தான்: விடிய ஆறு மணிக்கு வேலை தொடங்குகிற தாய் பிள்ளையை எங்கே விடுவது?

ஒருவர் குடும்பம் எவ்வளவு முக்கியம் என்று பேசிப் பலூன் கொடுத்தாராம். இன்னொருவர், அது முதலாளிமார் பார்க்கவேண்டிய விடயம் என்றாராம். அடுத்த மேசையில் இருந்த மருந்துக்கடைக்காரர் நல்ல மனுசன், யோசிக்கலாம் என்றார். அவருடைய கட்சிப் பட்டியலிலேயே கடைசிப் பக்கம் பெயர் இருந்த ஒரு பெண் மட்டும், "எனக்குத் தெரியாது, கேட்டுப்போட்டுச் சொல்லுறன்" என்று அக்காவின் தொலைபேசி இலக்கத்தை வாங்கினார். நகர பஸ் ஓட்டுகிறவர். நாங்கள் வேலைக்குப் போகிற முதல் பஸ்ஸை ஓட்டியதும் அவர்தான் என்பது எனக்குப் பிறகுதான் பிடிபட்டது. செவ்வாய்க்கிழமை பின்னேரம் அக்காவுக்கு அவர் தொலைபேசி எடுத்தார். ஒரு கிண்டர்கார்ட்டனை விடியத் திறக்க எத்தனை ஆட்கள் வேண்டும், சட்டத்தில் இடம் இருக்கிறதா, யார் தடுக்கிறார்கள் என்று எல்லாம் கேட்டு வைத்திருந்தார்.

"தெரியாதெண்டு சொல்லிப்போட்டுத் திரும்ப எடுத்தவ" என்றார் அக்கா. "இதைவிடக் காரணம் எனக்கு வேண்டாம்."

என் கணவருக்கு அது பிடிக்கவில்லை. "பஸ் ஓடுறவ நகரசபையிலை என்ன செய்வா? பட்டியல்லையும் கடைசியிலை நிக்கிறா."

"கடைசியிலை நிக்கிறவவை மேலை ஏத்தத்தான் இஞ்சத்தைச் சட்டம் இருக்கு தம்பி" என்றார் அக்கா.

அது உண்மை. எங்கள் மாநிலத்தில் நகரசபைக்கு வாக்களிப்பது ஒரு புள்ளடியோடு முடிகிற வேலை இல்லை. வாக்குச்சீட்டுகள் கட்டாக முன்கூட்டியே வீட்டுக்கு வரும். சபையில் எத்தனை ஆசனமோ அத்தனை வாக்கு ஒவ்வொருவருக்கும் உண்டு. பிடித்த ஒருவருக்கு மூன்று வாக்கு வரை குவித்துக் கொடுக்கலாம். பெயருக்கு எதிரே மூன்று என்று எழுதினால் மூன்று வாக்கு. அப்படிப் பலர் குவித்தால், பட்டியலில் அடியில் கிடக்கிற ஆள் மேலே வந்து ஆசனம் எடுத்துவிடலாம். அக்கா நடைக்கூடத்தில் இதை எல்லாம் விளக்கினார். அந்தப் பட்டியலில் முதலாவது பஸ் ஓட்டுகிறவர், வாக்கு மிஞ்சினால் இரண்டாவதாக ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியை, மூன்றாவது பரவாயில்லாத ஆளான மருந்துக்கடைக்காரர் என்று காரணங்களோடு சொன்னார். எல்லாரும் தலையாட்டினோம்.

அடுத்த சனிக்கிழமை அக்கா ஒரு ஒத்திகை வைத்தார். மாதிரிக்கு வாக்குச்சீட்டு ஒன்றைத் தன் கையாலேயே கீறி, பிரதி எடுத்து எல்லாருக்கும் கொடுத்தார். நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரிச் சுவரில் வைத்தும் முழங்காலில் வைத்தும் எழுதினோம். அழகாக எழுதிக் கொடுத்தேன் என்று எனக்கு ஒரே பெருமை. அக்கா தாள்களைச் சேர்த்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாலைந்து தாளுக்குப் பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பப் பார்த்தார்.

"பாமசிக்காரருக்கு ஏன் எல்லாரும் மூண்டு போட்டிருக்கிறீங்கள்?"

"நீங்கள்தானே அக்கா அவரை மூண்டாவதாச் சொன்னீங்கள்."

ஊரில் சனாதிபதித் தேர்தலில் விருப்ப வரிசை எழுதுவது அப்படித்தான். மிகவும் பிடித்தவருக்கு ஒன்று, அடுத்தவருக்கு இரண்டு, அதற்கடுத்தவருக்கு மூன்று. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த கைகள் இங்கேயும் வரிசை எழுதிவிட்டன. வரிசை தெரியாத என்னைப் போன்றவர்கள் பக்கத்தில் இருந்தவரின் தாளைப் பார்த்து எழுதிவிட்டோம். ஜேர்மன்காரனுக்கு இந்தப் பிழை கனவிலும் வராது. ஆனால் இங்கே அது வரிசை இல்லை, வாக்கின் எண்ணிக்கை. எங்களுக்கு வேண்டியவருக்கு ஒரு வாக்கும், யோசிக்கலாம் என்று சொன்னவருக்கு மூன்று வாக்குமாக அள்ளிக் கொடுக்க இருந்தோம். அதே பட்டியலில் அவர்தான் பஸ் ஓட்டுகிறவரை முந்தி ஆசனத்தைப் பிடிக்கக்கூடியவரும்.

நான் என் கணவரைக் காட்டி மெல்லச் சொன்னேன். "அக்கா, இவர் நேற்றே தபாலிலை போட்டிட்டார்."

ஞாயிறு வேலை இருந்த இன்னும் சிலரும் தபாலில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அந்த வாக்குகளைத் திருப்பி எடுக்க ஏலாது. என் கணவர் அன்று பகல் முழுக்க ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. மனைவியின் வேலையைக் காப்பாற்றப் போட்ட வாக்கை எதிராளிக்குப் போட்டுவிட்டேனே என்று இரவுச் சாப்பாட்டையும் தள்ளி வைத்துவிட்டார்.

அக்கா அவரைக் குறை சொல்லவில்லை. நடைக்கூடத்தில் எழுந்து நின்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "பிழை என்ரை. ஒண்டு, ரெண்டு, மூண்டெண்டு வரிசை சொன்னது நான். இனி மூண்டு பேரை மறவுங்கோ. ஒராள், மூண்டு வாக்கு."

வராதவர்களுக்கும் சொல்லவேண்டும். தேர்தலுக்கு ஒரு கிழமைதான் இருந்தது. வேலை முடிந்ததும் அக்கா வீடு வீடாகப் போனார். வழி காட்ட நானும் போனேன். அங்கேதான் எனக்கு அவரில் ஆத்திரம் வந்தது. ஒரு வீட்டுக்குள் போனால் இலேசில் வெளியே வரமாட்டார். உங்களுக்கு என்ன மாறவேணும், பிள்ளையை யார் பார்க்கிறது, விடிய வேலை எத்தனை மணிக்கு என்று தொடங்கிவிடுவார். தேத்தண்ணி வரும், பிறகு வடை வரும். நான் வாசலில் நின்று கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருப்பேன்.

மூன்றாவது வீட்டுப் படியில் வைத்துக் கேட்டேவிட்டேன். "அக்கா, பேரையும் இலக்கத்தையும் மட்டும் சொல்லிட்டு வாங்கோ. எல்லா வீட்டுக்கும் போகலாம். எனக்கு வேலை போகப்போகுது. உங்கட விளக்கத்தைப் பிறகு வைச்சுக்கொள்ளுங்கோ."

அக்கா படியில் நின்றுவிட்டார்.

"பேர் மட்டும் சொன்னால் அது இந்த வீட்டோடை நிண்டிடும் பிள்ளை. காரணம் சொன்னால் அது நாளைக்கு வேலைக்கும் போகும்."

எனக்கு அது விளங்கவில்லை. வாக்கு இல்லாத மனுசிக்கு என்ன, என் வேலைதானே போகப்போகிறது என்று மனதுக்குள் திட்டினேன். அந்தக் கிழமை முடிய எத்தனையோ வீடுகள் மிஞ்சிவிட்டன. அக்கா ஒரு வீட்டிலும் அவசரப்படவில்லை.

வெள்ளிக்கிழமை விடிய, வங்கியில் என்னோடு துப்பரவு செய்த துருக்கிக்காரி, ஏன் முகம் இப்படி இருக்கிறது என்று கேட்டார். நான் கிண்டர்கார்ட்டன் கதையைச் சொன்னேன், எனக்குத் தெரிந்த ஜேர்மனில். தெரியாது என்று சொல்லிவிட்டுத் திரும்ப எடுத்த பஸ்காரியின் கதையையும் சொன்னேன். அவர் தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு, "பெயர் என்ன?" என்று கேட்டார். தன் தங்கைக்கும் அதே பிரச்சினை என்றார். மூன்று என்ற இலக்கத்தை எங்கே எழுதவேண்டும் என்று நான் கையில் கீறிக் காட்டினேன். அப்போதுதான் எனக்குப் படியில் நின்று அக்கா சொன்னது விளங்கியது. ஒரு பெயரைத் தமிழ் அக்கா சொன்னா என்று நான் சொல்லியிருந்தால் துருக்கிக்காரிக்கு அது என்ன கணக்கு? காரணம் அவருக்கும் சொந்தமாக இருந்தது.

வாக்குகளை எண்ணி முடிக்கத் திங்கள் பின்னேரமாகிவிட்டது. அத்தனை பெயரும் அத்தனை இலக்கமும் எண்ணவேண்டுமே. முடிவை நகரசபைக் கட்டிடத்தின் கூடத்தில் ஒட்டினார்கள். அக்கா, நான், என் கணவர், கடைக்கார அண்ணை கூட வந்து நின்றோம். பட்டியலின் அடியில் கிடந்த பஸ் ஓட்டுகிறவரின் பெயர் மேலே ஏறி, அந்தக் கட்சிக்குக் கிடைத்த கடைசி ஆசனத்தில் இருந்தது. மருந்துக்கடைக்காரர் அதற்குக் கீழே. கடைக்கார அண்ணை பஸ் ஓட்டுகிறவருக்கு விழுந்த வாக்குகளை வாய்க்குள் கூட்டிப் பார்த்துவிட்டு, "எங்கட சனம் இவ்வளவு இல்லையே" என்றார். இல்லைத்தான். வங்கி துப்பரவு செய்தவர்கள், ஆஸ்பத்திரிச் சமையலறையில் நின்றவர்கள், தபால் பிரித்தவர்கள் என்று துருக்கிக்காரி, இத்தாலிக்காரி, ஜேர்மன்காரி எல்லாரும் அந்த எண்ணிக்கைக்குள் இருந்தார்கள். என் கணவர் அன்றுதான் நிமிர்ந்து பார்த்தார். எனக்குச் சந்தோசத்தில் கால் நிற்கவில்லை. எங்கள் அக்கா, எங்கள் அக்கா என்று அந்தக் கூடத்தில் நின்ற முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் சொல்லவேண்டும் போல இருந்தது.

சனிக்கிழமை புது உறுப்பினர் ஒரு பூங்கொத்தோடு தமிழ் வகுப்பு நடைக்கூடத்துக்கே வந்துவிட்டார். உயரமான பெண், பஸ் கொம்பனியின் நீலச் சட்டையோடு. அக்காவிடம் பூவை நீட்டி நன்றி சொன்னார். அக்கா வாங்கவில்லை.

"பூ பிறகு. கதவு எப்ப திறக்கும்?" என்று ஜேர்மனில் கேட்டார்.

நாங்கள் வெட்கத்தில் நெளிந்தோம். அந்தப் பெண் மட்டும் சிரித்துவிட்டு, பூவை வாங்கில் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, பெரும்பான்மைக்கு இன்னும் யார் யாரைப் பிடிக்கவேண்டும் என்று விளக்கத் தொடங்கினார்.

அதற்குப் பிறகு நடந்தது நீண்ட இழுபறி. நகரசபைக் கூட்டத்தில் நகரவாசிகள் கேள்வி கேட்க ஒரு நேரம் உண்டு. அதற்கு வாக்குரிமை தேவையில்லை, நகரத்தில் குடியிருந்தால் போதும். அக்கா ஒரு கூட்டம் விடாமல் அந்தக் கடுகு நிறக் கோட்டோடு போய் எழுந்து நின்று அதே கேள்வியை அதே சொற்களில் கேட்டார். கடைசியில், பரீட்சார்த்தமாக ஒரே ஒரு கிண்டர்கார்ட்டன் மட்டும் விடிய அஞ்சரைக்குத் திறக்கும் என்று தீர்மானம் வந்தது. பாதகம் இல்லை, அது எங்கள் பகுதிக் கிண்டர்கார்ட்டன். மருந்துக்கடைக்காரரின் "யோசிக்கலாம்" என்ற பேச்சை நம்பியிருந்தால் நான் வீட்டில்தான் இருந்திருப்பேன். என் கணவரின் பகல் வேலை முடிவதற்கு ஒரு கிழமை முன்பே கதவு திறந்தது.

முதல் நாள் விடிய நல்ல குளிர். வாசலில் பன்னிரண்டு பதின்மூன்று தாய்மார், அரை நித்திரையில் பிள்ளைகள். பத்திரிகைக்காரர் ஒருவர் கமராவோடு நின்றார். புது உறுப்பினர் தன் முதல் பஸ்ஸை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அக்காவும் வந்திருந்தார். படம் எடுக்கக் கூப்பிட்டதற்கு, தான் வாக்காளரும் இல்லை, தன் மகனுக்குக் கிண்டர்கார்ட்டன் வயதும் இல்லை, பிள்ளைகளோடு நிற்கிறவர்களை எடுங்கள் என்று தள்ளிப் போய் நின்றார்.

அஞ்சரைக்குக் கதவு திறந்தது. ஆசிரியை என் மகளின் கையைப் பிடித்தார். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போனாள். உறுப்பினர் என் தோளில் கை வைத்து, "இப்போது எல்லாம் சரிதானே? சந்தோசம்தானே?" என்று கேட்டார்.

சந்தோசம் என்று சொல்லிவிட்டு வேலைக்கு ஓடியிருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமும் ஆகிவிட்டது. ஆனால் என் வாயில் வந்தது வேறு.

"கோடை விடுமுறையில் மூன்று கிழமை மூடுவீர்களே. அப்போது நாங்கள் பிள்ளையை எங்கே விடுவது?"

அவர் எதிர்பார்க்கவில்லை. கமராக்காரரும் கமராவை இறக்கிவிட்டார். உறுப்பினர் உதவிக்குத் திரும்பி அக்காவைப் பார்த்தார், எத்தனையோ கூட்டங்களில் தன்னோடு மல்லுக்கட்டிய ஆள்தானே, ஒரு பதில் எடுத்துத் தருவார் என்று.

அக்கா கோட்டுப் பைக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு நின்றார். முகம் முழுக்கச் சிரிப்பு. அப்படி ஒரு சிரிப்பை நான் அவரிடம் அதற்கு முன்பு கண்டதில்லை.

"என்னைப் பாக்காதேங்கோ. கேட்டது அவ" என்றார்.